முன்கூட்டியே அடித்த தீர்மானம்

என் அன்புக் கணவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். கப்பலில் உங்கள் உடம்பும் வேலையும் எப்படி? நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பீர்கள். நம் தெருமுனை ஆஸ்பத்திரி இடிபடவில்லை. அத்தையின் கால் புண்ணுக்கு நாளைக்கும் அங்கேதான் கட்டுப் போடுவார்கள். அந்தக் காலோடு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமே என்று மூன்று வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது இரண்டு முறை போட்டுச் சாப்பிடுகிறேன்.

அந்த இடத்தை சிமென்ட் முதலாளியின் கிடங்குக்குக் குத்தகை விடும் தீர்மானம் திங்கட்கிழமை நகர மன்றத்துக்கு வந்தது. எங்கள் அலுவலக வழக்கம் உங்களுக்குத் தெரியும். பதினொரு மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே தலைவர் அறையிலிருந்து சீட்டு வரும். முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார், ஏகமனதாக நிறைவேறியது என்று நான் டைப் அடித்து முடித்துவிடுவேன். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் திருத்த வேண்டி வந்ததில்லை. ஓட்டுப் போடுவது நாம், கூட்டத்தில் உட்காருவது அவர்கள், முடிவு மட்டும் வேறு எங்கிருந்தோ வரும்.

அன்று முன்மொழிந்தவர் என்று சீட்டில் இருந்தது நம் வார்டு உறுப்பினரான என் அண்ணன் பெயர். எனக்குக் கை ஓடவில்லை. தேர்தலில் அவருக்கு வண்டியும் மைக்கும் கொடுத்தது அந்த முதலாளிதான். அதற்காகத்தானே அவரைத் தலையாட்டி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனீர்கள். இரண்டு வருடமாக உங்களுக்குள் பேச்சே இல்லை.

கூட்டத்துக்கு முன் அண்ணன் தண்ணீர் குடிக்க என் மேஜைக்கு வந்தார். அடித்த தாளை எப்போதும் கவிழ்த்து வைப்பேன். அன்று வைக்கவில்லை. மறதி என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். அண்ணன் படித்தார், மறுபடியும் படித்தார். என்னை ஒரு வார்த்தை கேக்கலையே பாப்பா என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். நீ மட்டும் நம்ம தெருவுல யாரைக் கேட்டே என்று கேட்டுவிட்டேன். தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

மன்றத்தில் தலைவர் வாசித்து முடிப்பதற்குள் அண்ணன் எழுந்தார். நான் இதை முன்மொழியல, எதிர்க்கிறேன், கையைத் தூக்கச் சொல்லி எண்ணுங்க என்றார். அவரே எதிர்த்ததும், இத்தனை நாள் வாயே திறக்காதவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். எதிர்த்துப் பத்து, ஆதரித்து எட்டு. என் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். நான்கு இடத்தில் எழுத்துப் பிழை. யாரும் திட்டவில்லை.

முதலாளி சும்மா விடமாட்டார், தெரியும். அடுத்த தேர்தலில் அண்ணனுக்குச் சீட்டும் கிடைக்காது. அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அன்று மாலையில் அத்தையைக் கைபிடித்துக் கட்டுப் போட அழைத்துப் போனது அண்ணன்தான். நர்ஸ் நாற்காலி போட்டும் உட்காராமல் வரிசையிலேயே நின்றாராம். அத்தைக்கு அதில் ஏகப் பெருமை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கரை தொட்டதும் ஒரு போன் போட்டு, மச்சான் என்று மட்டும் கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இதையும் கிழித்துவிட்டு வேறு அடிக்க வைத்துவிடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி