ஜுரம் என்று சொன்னேன்

இன்று காலை தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து நம் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர் கட்டை அவிழ்த்துக் கையை நீட்டினார். பச்சைத் தோலின் வாடை. முழங்கைக்குக் கீழே, நடுவில் கருகிச் சுற்றிலும் வீங்கிய அந்தப் புண். "இன்னாம்மா, அறுக்கற டாக்டரு எப்ப வருவாரு?" என்றார். அவர் கேட்டது உங்களைத்தான், சார்; நீங்கள் இறந்து ஆறு மாதமாகிறது. கழுவிக் கட்டி வேலூருக்கு அனுப்பினேன்.

இந்தப் புண்ணை எத்தனை பேர் கையிலிருந்து அறுத்தெடுத்தீர்கள்! பக்கத்தில் கிண்ணம் பிடித்து நின்ற நர்ஸ் நான். ஒருநாள் கத்தியைத் தட்டில் போட்டுவிட்டு, "எத்தினி கையத்தான் அறுக்கறது எஸ்தர்? நோய் புடிச்ச தோலு ஷாப்புக்குள்ள வராம தடுக்கணும். அதுக்குச் சட்டம் வேணும். எலக்‌ஷன்ல நிக்கட்டுமா?" என்று கேட்டீர்கள்.

"போங்க சார். இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அத்தனை சுலபமாகச் சொன்னேன்.

ஜெயித்தீர்கள். ஆம்பூர்க் கடைத்தெருவில் மாலை போட்டு அழைத்துப்போனார்கள். உங்கள் இடத்துக்கு வேறு சர்ஜன் வரவில்லை. இரண்டாம் வருடம் என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டது. நீங்கள் ஒருமணி நேரத்தில் சரிசெய்து, பிழைக்கவைத்து அனுப்புகிற நோவுதான். மாட்டுவண்டியில் வேலூருக்குக் கிளம்பினோம். மாதனூர் தாண்டியதும் என் மடியிலேயே அடங்கிவிட்டார்.

உங்கள் சட்டமும் வரவில்லை. கூட நிற்பதாகச் சொன்னவர்களே ஓட்டெடுப்பன்று சட்டசபையிலிருந்து எழுந்து போய்விட்டார்களாம். அடுத்த எலக்‌ஷனில் தோற்று, ஆளே பாதியாகத் திரும்பி வந்தீர்கள். மறுநாளே ஆபரேஷன் அறையைத் திறக்கச் சொன்னீர்கள். மேஜையில் நோயாளி படுத்திருக்க, கத்தி பிடித்த உங்கள் கை நடுங்கியது. மூன்று முறை முயன்றீர்கள். பிறகு நானே கத்தியை வாங்கி வைத்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டீர்கள்: "உன் வீட்டுக்காரரு எப்படிப் போய்ட்டாரு?"

"ஜுரம் சார்."

"நான் இங்க இருந்திருந்தா?"

"ஜுரத்துக்கு நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

தலையாட்டினீர்கள். முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த மழைக்காலத்திலேயே இறந்துபோனீர்கள்.

உங்கள்மேல் இரக்கப்பட்டுத்தான் மறைத்தேன் என்று நம்பியிருந்தேன். அதில்லை. உண்மையைச் சொன்னால், உங்களைப் போகச் சொன்னவள் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அன்று எனக்கு அந்தத் தைரியம் இல்லை, இன்றும் இல்லை. கேட்க நீங்கள் இல்லாத பிறகு எழுதுகிறேன்.