மச்சினனின் பனித்தடம்

1973 அக்டோபர் 14, ஞாயிறு

பூசை முடிந்து மாதாகோயில் வாசலிலேயே கசாப்புக்கடைக்காரரிடம் கைகொடுத்து ஒரு குளிர் அறை வியாபாரத்தை முடித்தேன். நல்ல நாளாகத்தான் தொடங்கியது.

மதியம் என் மனைவி அஃப்ரா பன்றி வறுவலை வெட்டிக்கொண்டே சொன்னாள்: சறுக்குவண்டிப் பந்தயத்துக்கான புதுத் தடம் செவரினின் சரிவில்தான் வரப்போகிறதாம். பொறியாளர் டாக்டர் ரோய்டர் ஊராட்சியில் சொல்லிவிட்டாராம்.

செவரின் அவளுடைய தம்பி. மாமனார் இறந்தபோது பண்ணை வீடு வழக்கப்படி மகனுக்குப் போனது. நிலம் இரண்டு துண்டு. ஒன்றை அஃப்ரா தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். தெற்குப் பார்த்த புல்வெளி, அல்லது விண்டர்லைட்டன் என்கிற வடக்குச் சரிவு. வடக்குச் சரிவில் நவம்பரில் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் திரும்ப எட்டிப்பார்க்கும். புல் முளைத்தாலும் காயாது. நான்தான் சொன்னேன், புல்வெளியை எடு என்று. எவனாக இருந்தாலும் அதைத்தானே சொல்வான்?

இப்போது டாக்டர் ரோய்டர் சொல்கிறார், இந்தத் தடத்துக்கு முதல் எதிரி வெயில்தானாம். வெயில் படாத சரிவைத் தேடி மூன்று பள்ளத்தாக்குகள் அலைந்தாராம்.

செவரின் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தான். நிழல் தானாக விலை ஏறிவிட்டது.

அக்டோபர் 15

என் புல்வெளியில் இன்று நாள் முழுக்க வெயில். சனியன்.

நவம்பர் 25, ஞாயிறு

எண்ணெய்த் தட்டுப்பாட்டால் இன்று நாடு முழுக்கக் கார் ஓட்டத் தடை. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. நடந்தே விண்டர்லைட்டன் போனேன். ஏன் போனேன்? பல்வலி இருக்கும்போது நாக்கு அந்தப் பல்லையே தேடிப் போகிறதே, அப்படித்தான்.

அங்கே செவரினும் நாலைந்து பேரும் பழைய தடத்துக்குப் பனி மிதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி முறையாம். இந்த ஊரில் சறுக்குவண்டித் தடம் என்றால் இதுவரை அப்படித்தான். பனி விழ வேண்டும், மிதிக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், கடவுள் மனசு வைக்க வேண்டும். வளைவுகளின் சுவருக்கு மட்டும் ஏரியில் அறுத்த பனிப்பாளங்கள். அந்தப் பாளங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது யார்? நான். பதினாறு வயதில், இரவல் குதிரையோடு. பியர் வடிக்கும் ஆலைக்கு விற்றதுபோக மிச்சம் இங்கே வரும். இவ்வளவு செய்தும் வெதுவெதுப்பான தெற்குக் காற்று ஒரு ராத்திரி மலைதாண்டி வந்தால் போதும், காலையில் எல்லாம் கஞ்சி. பந்தயம் ரத்து. விருந்தாளிகள் ரயிலேறிப் போய்விடுவார்கள்.

புதியதற்கு அந்தப் பயம் இல்லை. உச்சியிலிருந்து அடிவாரம் வரை வளைந்திறங்கும் கான்கிரீட் வாய்க்கால், அதன் தோலுக்குள் இரும்புக் குழாய்கள், குழாய்க்குள் குளிரூட்டும் அம்மோனியா. கோனிக்ஸே என்ற ஊரில் ஏற்கெனவே கட்டியதைப் போல.

அம்மோனியாவும் குழாயும்! இந்தப் பள்ளத்தாக்கில் அந்த இரண்டையும் அறிந்தவன் நான் ஒருவன். பாளம் விற்றவன் குளிர்பெட்டி விற்றான், குளிர்பெட்டி விற்றவன் குளிர் அறை விற்றான். எல்லாம் நானாகக் கற்றது. போன வாரம் டாக்டர் ரோய்டரைப் பார்த்து அதைச் சொன்னேன். இயந்திர அறையை நகரத்துப் பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றார், சிரித்துக்கொண்டே. பிறகு கேட்டார், "பனி போடற பொறுப்புக்கு உங்க மச்சினன் எப்படி?"

"நல்லா மிதிப்பான்" என்றேன்.

அவருக்கு அந்தக் குத்தல் புரியவில்லை. பாராட்டு என்று குறித்துக்கொண்டிருப்பார்.

1974 மே 17, வெள்ளி

மரச்சட்டங்கள் வளைவு வளைவாக நிற்கின்றன. அவற்றின் மேல் குழாய்களை வளைத்து, பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். பெரிய மீனின் விலா எலும்பு மாதிரி. அதன்மேல் குழலிலிருந்து கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். ஒரு வளைவில் நடுவில் நிறுத்தவே கூடாதாம். நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டு விழும். ஒட்டு விழுந்த இடத்தில் பின்னால் விரிசல்.

நன்றாகத்தான் கட்டுகிறார்கள். எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை. குளிரையும் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். கீழே கொஞ்சம் வெயில் தட்டும் வளைவுக்கு மட்டும் அதிகமாக அனுப்பலாம். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மாலை ரெசியின் விடுதியில் ஊர்க்காரர்கள் கூடும் வெள்ளிக்கிழமை மேசை. இருபது வருஷமாக அந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி. விலை நிலவரம், வரி, வழக்கு எது என்றாலும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். இன்று நாற்காலிகள் எல்லாம் செவரின் பக்கம் திரும்பியிருந்தன. கையை ஆட்டி வளைவு காட்டிக்கொண்டிருந்தான். ரெசி அவனுக்குக் கேட்காமலே பியர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"என்ன இக்னாட்ஸ், மூஞ்சி புளிச்ச மோர் மாதிரி இருக்கு?" என்றாள்.

உன் பியர்தான் புளிப்பு என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

இயந்திரம் ஓடுகிறது. தடம் முழுக்க வெள்ளையாக உறைபனி பூத்துவிட்டது. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, காற்றிலிருந்த ஈரம்தான். குனிந்து அந்த வெள்ளையில் விரலால் ஒரு கோடு கீறிப் பார்த்தேன். முதல் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்த நாளிலும் இதையேதான் செய்தேன். அதை யாரிடம் சொல்வது?

அஃப்ரா தம்பிக்குக் குடுவையில் காப்பி கொண்டுபோனாள். எனக்குக் கடைக்கு ஒருநாள் கொண்டுவந்திருப்பாளா? கேட்டேன்.

"கடை நம்ம வீட்டுக் கீழதானே இருக்கு" என்றாள்.

1975 ஜனவரி 14

பந்தயச் சங்கத்துக்காரர்கள் ஞாயிறன்று சோதிக்க வருகிறார்கள். தடம் தேறினால் இனி பெரிய பந்தயங்கள் இங்கே. தேறாவிட்டால் செவரினுக்குப் பதிலாக வெளியூரிலிருந்து ஒருவரை வைப்பார்களாம். ஊராட்சித் தலைவரே கடைக்கு வந்து கவலைப்பட்டார். நானும் கவலைப்பட்ட மாதிரி தலையாட்டினேன்.

பிற்பகல் போய்ப் பார்த்தேன். செவரின் குழலோடு நின்று தண்ணீரைச் சாரலாக அடித்துக்கொண்டிருந்தான். உறைய விடுகிறான், மறுபடி அடிக்கிறான். ஓரத்தில் வெட்டிவிட்ட இடத்தில் தடிமன் தெரிந்தது. ஒரு சாண்.

"பாருங்க மச்சான், கோட்டைச் சுவர் மாதிரி. தெக்குக் காத்து வந்தா தின்னுட்டுப் போகட்டும், தின்னத் தின்ன மிச்சம் இருக்கும்."

பழைய தடத்துக்கு அது சரி. அங்கே குளிர் மேலிருந்து, வானத்திலிருந்து வந்தது. பனி எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆயுள். இங்கே குளிர் அடியிலிருந்து வருகிறது. தடிமன் கூடக்கூட மேல்பரப்பு குழாயைவிட்டு விலகிப் போகிறது. கசாப்புக்கடைக் குளிர் அறையில் வாராவாரம் பார்க்கிறேன். குழாய்மேல் பனி கம்பளிச் சட்டை மாதிரி ஏறிவிட்டால் உள்ளே இறைச்சி கெடும், இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான காற்றடித்தால் செவரினின் கோட்டை மேலே வெண்ணெய் ஆகிவிடும்.

நகரத்து நிறுவனத்தின் ஆள் இயந்திர அறையைவிட்டு வெளியே வருவதில்லை. டாக்டர் ரோய்டர் ஊரில் இல்லை. இது தெரிந்தவன் நான் மட்டும்.

 "பலமாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 16

வானொலியில் சொன்னார்கள்: ஞாயிறு தெற்குக் காற்று.

இரண்டு தட்டு சாப்பிட்டேன். என்ன மனுஷன் நான்?

ஜனவரி 17, வெள்ளி

சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில் இல்லை. உள்ளதை எழுதுகிறேன்.

மேசையில் எல்லோரும் செவரினுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாங்கவில்லை. மேசையைத் தட்டி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை வண்டி ஓடாதுடா. கரண்டி கொண்டா, பனிக்கூழ் அள்ளித் தின்னலாம். குழாய்க்கு மேல ஒரு சாண் பனியை ஏத்தி வெச்சிருக்கே. குளிர் எந்த வழியா மேல வரும்? மனு எழுதிக் கேக்குமா?"

எல்லோரும் செவரினைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்காகத்தான் சொன்னேன். அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும்.

அவன் முகம் சுருங்கவில்லை. குவளையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எவ்வளவு இருக்கணும் மச்சான்?"

"கேக்கறதப் பாரு. மூணு விரல். வளைவு நடுவுல ஒரு விரல் கூடப் போனாலும் போகட்டும்."

"மேல இருக்கறத செதுக்கிடலாமா, இல்ல முழுசா உருக்கி மறுபடி போடணுமா?"

செதுக்கினால் போதும் என்றேன். அவன் இன்னும் நாலு கேள்வி கேட்டான். எல்லாமே சரியான கேள்விகள். நான் பதில் சொன்னேன், சொல்லும்போதே எனக்குள் சூடு தணிந்துபோனது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பியரை முடிக்காமலே ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

ரெசி என் முன்னால் பியரை வைத்தாள். கேட்காமலே.

ஜனவரி 19, ஞாயிறு

கூரைப் பனியெல்லாம் சொட்டுகிறது. கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு நடக்கலாம் போல அப்படி ஒரு காற்று. ஆனால் விண்டர்லைட்டனில் பனி கண்ணாடி மாதிரி நின்றது. சறுக்குவண்டிக்காரர்கள் மல்லாந்து படுத்து ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். இரும்புச் சட்டங்கள் பனியைக் கீறும் சத்தம் மட்டும். சங்கத்துக்காரர்கள் கைகுலுக்கினார்கள். தடம் தேறிவிட்டது.

செவரின் என்ன செய்தான் தெரியுமா? ஊராட்சித் தலைவர், பத்திரிகைக்காரர், சங்கத்துக்காரர் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னான்: "எங்க மச்சான் சொன்னதுதாங்க. இல்லேன்னா எல்லாம் போயிருக்கும்."

யாரும் நம்பவில்லை! மேசைக்காரர்கள் காதால் கேட்டவர்கள்தானே? அவர்களுக்கே நான் அன்று பொறாமையில் கத்தியது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. "எவ்வளவு தங்கமான பையன், அந்த ஆளுக்குக்கூட விட்டுக்குடுக்கறான் பாரு" என்று ஒருத்தி என் முதுகுக்குப் பின்னாலேயே சொல்கிறாள்.

என் அறிவைக் கொடுத்தேன். அது அவனுடைய அடக்கமாக மாறிவிட்டது. இப்படி ஒரு நஷ்டம் வியாபாரத்தில் நான் கண்டதில்லை.

ஜனவரி 20

பத்திரிகையில் படம். செவரின் சிரிக்கிறான். ஓரத்தில் என் தொப்பி.

அக்டோபர் 9, வியாழன்

பல மாதமாக இதைத் தொடவில்லை. இன்று எழுதத்தான் வேண்டும்.

வடக்கே மலைநாட்டிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு தடம் கட்டி முடிக்கப்போகிறார்கள். பனி போட ஆள் தேடுகிறார்கள். செவரினைப் பற்றி விசாரிக்க வந்தது என்னிடம். வியாபாரி என்றால் சரியாக எடைபோடுவான் என்றார்களாம், ஊரில்.

நானும் எடைபோட்டேன். கட்டைவிரலால் தராசுத் தட்டை அழுத்திக்கொண்டு. ஆள் நல்லவன், ஆனால் பழைய பழக்கம், தடிமனாகப் போடுவான், தனியாக விட்டால் கெடுத்துவிடுவான் என்றேன். தடிமன் ஏன் கூடாது, எந்த நேரத்தில் சாரல் அடிக்க வேண்டும், வளைவு மேட்டில் எப்படிச் செதுக்க வேண்டும் எல்லாம் விளக்கினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரியவர் கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்ச நீங்களே வரலாமே?"

இரண்டு வருஷமாக யார் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஏங்கினேனோ அந்த வார்த்தை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்றிரவு ரெசியின் விடுதியில் தங்குகிறார்கள்.

அவர்களிடம் சொன்னதில் பாதி, போன குளிர்காலத்தில் செவரின் செய்ததைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது. செதுக்கும் விதம் முழுக்க அவனுடையது.

அக்டோபர் 10

காலையில் அஃப்ராவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அவன் அங்க போயிட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்? கண்ணுல படாம இருப்பான்ல?"

 அவன் உயர்ந்துவிடக் கூடாது என்று சொன்னேனா, போய்விடக் கூடாது என்று சொன்னேனா? இரண்டும் இருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

"யாரப் பாத்து வயிறெரிவீங்கன்னு கவலையா இருக்கா?" என்றாள்.

ஓட்டை இயந்திரத்தை நல்லது என்று நான் ஒருநாளும் விற்றதில்லை. நேற்று நல்லதை ஓட்டை என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் அதே திருட்டுதான். விடுதிக்குப் போனேன். இருவரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து நான் சொன்னது பொறாமையில சொன்னது" என்றேன். "தடிமனாப் போட்டது ஒரே தடவை. அதையும் ஒருத்தன் ஏளனமாச் சொல்லியும் காது குடுத்துக் கேட்டு, மறுநாளே திருத்திட்டான். அப்படி ஒருத்தன் உங்களுக்குக் கிடைக்கமாட்டான். பனின்னா அவன்தான். நான் குளிர் விக்கறவன்."

பெரியவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். செவரின் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். வாசல்வரை வந்து காட்டினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமனாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேராக ரயில் நிலையம். செவரின் இரண்டு குளிர்காலத்துக்குப் போகிறான். இந்த வருஷம் விண்டர்லைட்டனில் பனி போடும் பொறுப்பை என்னிடம் விடச் சொல்லி ஊராட்சியில் அவனே பேசியிருக்கிறான். இந்த முறை நம்பிவிட்டார்கள்.

1976 ஜனவரி 11, ஞாயிறு

என் முதல் பந்தயம். விடியும் முன்பே எழுந்து சாரல் அடித்தேன், செதுக்கினேன், விரல் வைத்து அளந்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. வண்டிகள் எல்லாம் பத்திரமாக இறங்கின.

முடிந்ததும் ஒரு பையன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, நான் யார் என்று தெரியாமல், என்னிடமே சொன்னான்: "நல்ல பனிதான். ஆனா செவரின் போட்ட மாதிரி ஓடலை."

நின்று யோசித்தேன். கடைசி வளைவிலிருந்து வெளியே வரும் இடத்தில் நான் தட்டையாகச் செதுக்கியிருந்தேன். செவரின் அங்கே ஒரு சின்னச் சாய்வு விடுவான். பையன் சொன்னது சரி.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், செவரினைத் தொலைபேசியில் கூப்பிட்டு பையன் சொன்னதை அப்படியே சொன்னேன்.