ஆளில்லாத காடு

அன்புள்ள அம்மாவுக்கு மகள் எழுதுவது. நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே என் வேலை, வானத்திலிருந்து எடுத்த படங்களில் மரங்களை எண்ணுவது. அவை உறிஞ்சும் கரிப்புகைக்கு விலை வைத்து, புகை விடும் ஆலைகளுக்கு விற்கிறார்கள். நேற்று நம் காட்டின் படம் வந்தது. நம் வீட்டுக் கூரையைப் பார்த்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கூரையைப் படத்துலேர்ந்து அழிச்சிடும்மா. ஆளில்லாத காடுன்னாதான் வாங்குவாங்க."

"அந்த மரங்களை வெட்டவிடாம காத்ததே எங்கம்மாதான் சார். முதல்ல அவங்களை எண்ணுங்க!" என்று கத்திவிட்டேன்.

பயப்படாதே, வேலை போகவில்லை. இரண்டு நாள் வரவேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி படம் எடுப்பார்கள். அன்று என் சிவப்புப் போர்வையைக் கூரைமேல் காயப்போடு. ஊரில் எல்லோரும் வெளியே வந்து நில்லுங்கள். எனக்கும் உங்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

எத்தனை பேரை அழிப்பார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.

அவசரத்தில்,
உன் மகள்