தரையில் விழுந்த ரொட்டி

டியர்பார்ன்,
அக்டோபர் 12

அன்பு மகன் கஸ்ஸானுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம், நம் ரொட்டிக் கடை அடுப்பும் சுகம். நான் போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதனால் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, தெருவில் பாதிப் பேருக்கு டிக்கெட் எடுத்து உன் படத்துக்குக் கூட்டிப்போனேன். நீ ‘பெரிய வேஷம்’ என்று மட்டும்தானே சொல்லியிருந்தாய். குண்டுவெடிப்பில் மனைவியை இழந்த செனட்டர், அதைச் செய்தவர்களைத் தேடித்தேடிப் பழிவாங்குகிற கதை. நீ செனட்டரின் டாக்டராக வருவாய் என்று பக்கத்து சீட்காரரிடம் அளந்துகொண்டிருந்தேன். குண்டு வைத்தவனே நீயாம்.

கடைசியில் செனட்டர் உன்னைச் சுட்டதும் அரங்கமே கை தட்டியது. உன் அம்மா எழுந்து, “ஐயோ, எம் புள்ள!” என்று அலறிவிட்டாள். பின்னாலிருந்து ஒருவன், “உக்காரும்மா, அவன் கெட்டவன்!” என்றான். “கெட்டவன் ஒங்கப்பன்!” என்றாள் இவள். நான் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். என் பிள்ளை செத்ததற்கு இத்தனை பேருக்குச் சந்தோஷமா!

எதிர்வீட்டு உம்மு நஸீமுக்கு வேறு கவலை. “அவன் பேசுறது எந்த ஊரு அரபு? பாதி எகிப்து, பாதி ஈராக்கு. நம்ம வீட்டுப் புள்ளைக்கு நாக்குல என்ன கோளாறு?” என்று வழியெல்லாம் புலம்பினாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் குண்டோடு கிளம்பும்முன் மேசையிலிருந்து ஒரு ரொட்டி விழுகிறது. நீ அதை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, உயரத்தில் வைக்கிறாய். அது நான் தினமும் கடையில் செய்வது. என் அப்பா செய்தது. அதை ஏன் அந்தப் பாவிக்குக் கொடுத்தாய்?

நீ பிறந்த நாளோடு இங்கே எல்லோரும் ஹிக்மத் என்கிற என் சொந்தப் பெயரை மறந்துவிட்டார்கள். கஸ்ஸானின் அப்பன், அபூ கஸ்ஸான், அதுதான் என் பெயர். கடைப் பலகையிலும் அதுதான். இப்போது முடிவெட்டும் தவ்ஃபீக் என்னை ‘அபூ ஸைஃப்’ என்கிறான், நீ நடித்த குண்டுக்காரனின் அப்பனாம். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அப்பா,
அபூ கஸ்ஸான்

*

லாஸ் ஏஞ்சல்ஸ்,
அக்டோபர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தடுப்பீர்கள் என்று பயந்தேன். அம்மாவிடம் என் முத்தத்தைச் சொல்லுங்கள். அந்தப் பின்சீட்டுக்காரனுக்கு என் அனுதாபத்தையும்.

அந்த ரொட்டி கதையில் எழுதியிருந்தது அல்ல. நிஜமாகவே கை பட்டு விழுந்தது, என் கை தானாகப் போய்விட்டது. டைரக்டருக்குப் பிடித்துப்போய் வைத்துக்கொண்டார். இவனும் ஒரு வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன்தான் என்று பார்ப்பவர்களுக்கு ஒரு நொடியாவது உறைக்கட்டும் என்று நானும் சும்மா இருந்தேன்.

உறைக்கவில்லை. படம் பார்த்தவர்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறேன். ‘கொலைக்கு முன் அந்த ரொட்டிச் சடங்கு, குலை நடுங்கிவிட்டது’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். கீழே விழுந்தது சாப்பாடு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் வலிக்கிறது அப்பா. ஆனால் இத்தனை வருஷம் எனக்குக் கிடைத்ததெல்லாம் டாக்ஸி டிரைவரும் பிணமும்தான். இப்போதுதான் என் முகம் நாலு பேருக்குத் தெரிகிறது. அதை விட மாட்டேன்.

உங்கள் மகன்,
கஸ்ஸான்

*

டியர்பார்ன்,
நவம்பர் 3

கஸ்ஸானுக்கு,

அம்மா நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தாள், புது முகம். தட்டு சரிந்து ஸாத்தர் மூலிகை தூவிய ரொட்டி ஒன்று கீழே விழுந்தது. எடுத்தேன், முத்தமிட்டேன், நெற்றியில் ஒற்றி மேல் தட்டில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய பையைக்கூட எடுக்காமல் அவள் வாசல் தாண்டிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். “சார், இங்க ஏதோ சடங்கு நடந்துச்சாமே?”

“ரொட்டி கீழ விழுந்துச்சு சார். எடுத்தேன். அவ்வளவுதான்.”

மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் அடுப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். உன் அம்மா அவர்களுக்கு டீ கொடுத்தாள், பாதி சாஸரில் சிந்தியது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் பயந்துபோய் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. முன்பெல்லாம் அடுப்புப் பக்கம் திரும்பிச் செய்வேன். இப்போது ரொட்டி விழுந்தால் வாசலைப் பார்த்து நின்றுதான் எடுக்கிறேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும்.

உன் அப்பா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்,
நவம்பர் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா டீயைச் சிந்தியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. இந்த நேரத்தில் இதை எழுதுவது சரியில்லைதான். இருந்தாலும் முன்போல் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

படம் நன்றாக ஓடுவதால் இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். ஸைஃபுக்கு ஓர் இரட்டைச் சகோதரனாம், செத்தவனுக்காகப் பழிவாங்க வருகிறானாம். செனட்டருக்குச் சமமான வேஷம், எனக்குத்தான். ஆனால் அந்த ரொட்டி வேண்டும் என்கிறார்கள், ஒவ்வொரு கொலைக்கு முன்னாலும். ஜனங்களுக்கு மனதில் நின்றது அதுதானாம்.

நான் மாட்டேன் என்றால் வேறொருவன் செய்வான், தப்பும் தவறுமாகச் செய்வான். யோசித்துப் பாருங்கள், வெறும் ரொட்டிதானே அப்பா? அடுத்த வாரம் ஒரு ஒத்திகை எடுத்துப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுகிறோம்.

கஸ்ஸான்

*

டியர்பார்ன்,
நவம்பர் 19

கஸ்ஸான்,

நான் பெற்ற ஆண்பிள்ளை ஒன்றுதான். இரட்டையில் இன்னொருவன் எனக்குத் தெரியாமல் எங்கே பிறந்தான்?

கொலைகாரனாக நடி. அது உன் தொழில், இனி அதில் தலையிட மாட்டேன். ஆனால் அந்த ரொட்டி உன்னுடையது மட்டும் இல்லை. வெறும் ரொட்டியாம். அந்த வெறும் ரொட்டி சுட்டுத்தான் உன்னை நடிப்புப் பள்ளிக்கு அனுப்பினேன்.

அதை நீ அவர்களுக்கு விற்றால், உன் பெயரை நான் சுமக்க மாட்டேன். பலகையை மாற்றி எழுதப் பெயின்டருக்குச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வருகிறான்.

ஹிக்மத்

*

லாஸ் ஏஞ்சல்ஸ்,
நவம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் பெயின்டர் வந்து போயிருப்பான். பரவாயில்லை.

நேற்று ஒத்திகை. முதலில் ரப்பர் ரொட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். முத்தமிடப் போனால் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் யாரோ ஓடிப்போய் நிஜ ரொட்டி வாங்கி வந்தார்கள், சூடு ஆறாதது. கேமரா ஓடுகிறது. போட்டேன், குனிந்து எடுத்தேன். டைரக்டர், “மெதுவா! இன்னும் பயங்கரமா!” என்றார்.

ரொட்டியை எப்படி அப்பா பயங்கரமாக எடுப்பது? எனக்குத் தெரியவில்லை. முத்தமிட்டேன், நெற்றியில் ஒற்றினேன், அங்கேயே நின்று அதைத் தின்று முடித்தேன். “வேஷம் எதுவானாலும் பண்றேன் சார். இது மட்டும் கிடையாது” என்றேன். “அப்ப நீ கிளம்பு” என்றார். கிளம்பிவிட்டேன்.

நீங்கள் ‘ஹிக்மத்’ என்று கையெழுத்துப் போட்டதற்காக இல்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் ஒன்று, ஊருக்குத் திரும்பி வா, அடுப்பில் நில் என்று மட்டும் எழுதாதீர்கள். பழையபடி ஓட்டலில் தட்டு ஏந்துவேன், பிணமாகப் படுப்பேன். நான் நடிகன். அதிலிருந்து என்னை யாரும் இறக்க முடியாது, நீங்களும்தான்.

கஸ்ஸான்

*

டியர்பார்ன்,
நவம்பர் 30

என் கண்ணே கஸ்ஸான்,

அடுப்புக்குக் கூப்பிடவில்லை. உனக்குச் சின்ன வயதிலேயே மாவு பிசைய வராது.

பெயின்டர் திங்கட்கிழமை வந்தான். ஏணியில் ஏற்றிவிட்டு, எதை எழுதச் சொல்வது என்று எனக்கு வாய் வரவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். உன் கடிதம் வந்ததும் மறுபடி கூப்பிட்டேன். “அதே பேருதானே இருக்கு, எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்றான். “இன்னும் பெருசா எழுதுப்பா” என்றேன்.

நேற்று பகல் காட்சிக்குத் தனியாகப் போய் உன் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். அன்று கோபத்தில் நான் உன்னைப் பார்க்கவே இல்லை. நீ நல்ல நடிகன். நீ செத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், தட்டிவிட்டு எழுந்து போனார்கள். நான் போகவில்லை. திரையில் பெயர்கள் ஓடின. உன் பெயர் வந்தபோது நான் எழுந்து நின்று கை தட்டினேன். பெருக்க வந்த பெண் பயந்துபோய், “யாருக்குத் தட்டுறீங்க?” என்று கேட்டாள்.

என் பெயரைச் சொன்னேன்.

அபூ கஸ்ஸான்