கார்டு வரட்டும்

6 ஜூன் 2025, வெள்ளி

இன்றைக்கும் தொங்கிவிட்டது. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் இந்தக் கம்ப்யூட்டருக்குத் தூக்கம் வரும். அண்ணன் எனக்கு முன்னால் ஓடுகிறான், எதிராளி மாடியில் நிற்கிறான், நான் குறி வைக்கிறேன் – படம் அப்படியே நின்றது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஹெட்செட்டில் அண்ணன், "பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மா காதுக்கு இப்பப் போவக்கூடாது" என்றான். நான் இரு இரு என்று மௌஸைத் தட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்திப் போட்டு மறுபடி வருவதற்குள் அவன் ரூம் ஆட்கள் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டான்.

போன மாத அப்டேட்டிலிருந்து இப்படித்தான். எட்டு வருஷத்துக் கிராபிக்ஸ் கார்டு, அதைத் திட்டி என்ன. அண்ணன் மஸ்கட்டில் புது மெஷின் வாங்கிவிட்டான். அவனுக்குப் புல்லின் நுனிகூடத் தெரிகிறது. எனக்கு மனுஷனே கட்டம் கட்டமாகத் தெரிகிறான். "பழைய கேமையே ஆடலாமே, எனக்கு எதுவா இருந்தா என்ன" என்கிறான். பெரிய மனசு. இருக்கிறவனுக்கு அப்படித்தான் பேச வரும்.

மாற்றிவிடப் போகிறேன்.

8 ஜூன், ஞாயிறு

வேலை முடிந்து ஜங்ஷன் ரோட்டில் ஷமீர் பாய் கடைக்குப் போனேன். நெய்வேலியில் மூடிய நெட் சென்டரிலிருந்து வந்த கார்டு ஒன்று வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் என்னுடையதைப் போல நாலு மடங்கு வேகம். பவர் சப்ளையும் மாற்ற வேண்டுமாம், பழையது இதைத் தாங்காதாம். பழைய கார்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒருவர் அதே மாதிரி கேட்டிருக்கிறாராம்.

ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, தூசி எடுத்து, ஓட்டிப் பார்த்துத் தருகிறேன் என்றார். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். உடனே, "வூட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து இந்த சி.பி.யு.வைக் கழற்றி மாட்டுகிறவள் நான். அண்ணன் டார்ச் பிடிப்பான், அவ்வளவுதான் அவன் பங்கு. பாய்க்கு அதெல்லாம் எதற்கு. கார்டையும் பவர் சப்ளையையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

9 ஜூன், திங்கள்

பழைய கார்டைக் கழற்றிக் காலையிலேயே பாய் கடையில் கொடுத்துவிட்டேன். அண்ணனுக்குப் புதுக் கார்டின் படம் அனுப்பினேன். ஒரு கட்டை விரலை அனுப்பினான். இதற்கு மேல் டைப் அடித்தால் அவன் விரல் தேய்ந்துவிடும்.

போனிலும் அப்படித்தான். தினம் ராத்திரி கூப்பிடுவான், அம்மா ஸ்பீக்கரில் போடுவாள். சாப்பிட்டேன், வெயில், நல்லா இருக்கேன். ஆறு வருஷமாக இதே மூன்று செய்தி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கையில் மௌஸ், கண் திரையில் – அப்போதுதான் அவனுக்கு வாய் திறக்கும். ஏணியிலிருந்து விழுந்து ஒரு மாதம் படுத்திருந்ததை அப்படித்தான் சொன்னான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பீங்கான் பொம்மை யூனிட்டுக்கும் அவன் கம்பெனிக்கும் ஒரே நாள் லீவு என்பது நான் செய்த ஏதோ புண்ணியம்.

12 ஜூன், வியாழன்

நாசமாய்ப் போயிற்று.

கார்டின் ஃபேன் இடுக்கெல்லாம் நெட் சென்டர் தூசி. பிரஷ்ஷால் போகவில்லை. யூனிட்டுக்கு எடுத்துப் போனேன். நாள் முழுக்கப் பொம்மைகளுக்குப் பளபளப்புக்கான கிளேஸ் பூச்சு அடிக்கிறவள் கையில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் இருக்கும்போது வேறு எதைத் தேடுவது? தொழிற்பேட்டையில் எல்லாரும் அதில்தான் சுத்தம் செய்கிறோம். மிக்ஸி, டேபிள் ஃபேன், தையல் மெஷின், முதலாளியின் பைக். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பிரே கன்னைப் பிடித்து ஊதினேன். தூசி பறந்தது. ஜம்மென்று இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. பிறகு ஒரு வாசனை.

போர்டில் இருக்கிற டிஸ்ப்ளே பின் எப்போதோ செத்துவிட்டது. கார்டு இல்லையென்றால் இந்தக் கம்ப்யூட்டர் ஒரு பெட்டி.

13 ஜூன், வெள்ளி

பத்து மணிக்கு ஷமீர் பாய் கடையில் நின்றேன். விளையாட வேண்டிய நேரம்.

அவர் கார்டைப் பிரித்து விளக்கடியில் காட்டினார். சிப்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சுண்ணாம்பா என்று கேட்டார். கிளேஸ் என்றேன். கன் வாயில் ஒட்டியிருந்தது, கம்ப்ரஸர் டேங்கில் நின்ற தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போயிருக்கிறது. டேங்குத் தண்ணீரைத் தினம் திறந்துவிட வேண்டும், அது என் வேலை. பொம்மைக்குத் தண்ணீரோடு அடித்தால் பூச்சு கொப்பளிக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளே நான்தான்.

பாய் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நான் பண்ணித் தரேன்னுதானேமா சொன்னேன்" என்றார். பழைய கார்டு புதனன்றே ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டது. இன்னொன்று சென்னையில் சொல்லி வைக்கிறாராம், ரெண்டு மூணு வாரம் ஆகுமாம்.

அண்ணனுக்கு நடந்ததை எழுதினேன். சிரிக்கிற மூஞ்சி ஒன்று அனுப்பினான். அப்புறம் வெகுநேரம் டைப்பிங், டைப்பிங் என்று காட்டியது. ஒன்றும் வரவில்லை.

17 ஜூன், செவ்வாய்

அம்மா ஒரு ஜாதகத்தோடு வந்திருக்கிறாள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண், பானுமதி, பி.எட். முடித்தவள். பொருத்தம் எட்டு. ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிட வேண்டும், ஆவணியில் கல்யாணம், அண்ணனுக்கு அப்போதுதான் லீவு. முப்பத்து மூன்று வயதாகிவிட்டது, இந்த வருஷம் தப்பினால் அவ்வளவுதான் என்கிறாள். எனக்கும் சேர்த்துத் திட்டம் இருக்கிறது: மருமகள் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டால் என்னை அனுப்பிவிடலாமாம். என் அம்மா தங்கம்மாளை நம்பி நாட்டையே கொடுக்கலாம்.

20 ஜூன், வெள்ளி

கார்டு வரவில்லை. காலையில் அண்ணனிடமிருந்து அதிசயமாக ஒரு முழு வாக்கியம்: "கூப்பிடவா பாப்பா, தனியா இருக்கியா". அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தனியாகத்தான் இருந்தேன். ஆனால் எரிச்சலில் இருந்தேன், யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. "கார்டு வரட்டும்ணா, ஆடிக்கிட்டே பேசுவோம்" என்று அனுப்பினேன்.

சரி என்றான்.

22 ஜூன், ஞாயிறு

அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டாள். பெரியம்மா, மாமா எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பொண்ணு போட்டோ பாத்தியாப்பா, புடிச்சிருக்குதா? லைன் கட்டாகிவிட்டதா என்று மாமா போனை எடுத்துக் குலுக்கினார். "உங்க இஷ்டம்மா" என்றான். கூடத்தில் எல்லாருக்கும் சிரிப்பு. வெட்கப்படுகிறானாம்.

எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. கேட்டிருக்கலாம். நாளைக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

24 ஜூன், செவ்வாய்

கேட்டேன். "உனக்கு சம்மதம்தானே?" கட்டை விரல் வந்தது. சரி, அவனே சொல்லிவிட்டான்.

29 ஜூன், ஞாயிறு

ஸ்ரீமுஷ்ணம் போய்ப் பெண்ணைப் பார்த்து வந்தோம். குறை சொல்லலாம் என்று தயாராகத்தான் போனேன். குறை இல்லை. காபி டம்ளரை நீட்டும்போது என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றபடியே அம்மா பத்திரிகைக்கு வார்த்தை யோசித்துக்கொண்டு வந்தாள்.

4 ஜூலை, வெள்ளி

ஷமீர் பாய் அடுத்த வாரம் என்கிறார். நாலாவது வெள்ளிக்கிழமை போயிற்று.

7 ஜூலை, திங்கள்

பூ வைத்தாயிற்று. மாப்பிள்ளை ஊரில் இல்லாததால் எல்லாம் நாத்தனார் கையால். தட்டை நான்தான் தூக்கிப் போனேன். குங்குமம் நான்தான் இட்டேன். கல்யாணமாகாத பெண் வைக்கலாமா என்று யாரோ இழுத்தார்கள், கூடப் பிறந்தவள் கைதான் ராசி என்று பெரியம்மா முடித்துவைத்தாள். பானுமதிக்கு அடர்த்தியான முடி. சரம் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஹேர்பின்னை வாயில் கடித்துக்கொண்டு நன்றாக அழுத்திக் குத்தினேன். வலிக்குதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

வீடியோவை அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான்.

11 ஜூலை, வெள்ளி

கார்டு நேற்று வந்தது. இந்த முறை பாயே மாட்டிக் கொடுத்தார். பத்து மணிக்கு உட்கார்ந்தேன். என்ன படம் – தண்ணீரில் மேகம் தெரிகிறது, சுவரில் வெடிப்பு தெரிகிறது. அண்ணா, உன் சட்டையில பட்டன்லாம் தெரியுது என்று கத்தினேன். அவன் ஆடிக்கொண்டே இருந்தான். ரெண்டு பேரைச் சுட்டான். அப்புறம் சொன்னான்.

அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண். கொல்லத்துக்காரி. ஏணியிலிருந்து விழுந்தபோது பழக்கமாம். ரெண்டு வருஷம்.

"அன்னிக்கு அதான் சொல்ல வந்தேன் பாப்பா. நீ அம்மாகிட்டப் பக்குவமா பேசுவன்னு நெனைச்சேன். அப்புறம் நாலு வெள்ளியும் பத்து மணிக்கு வந்து உட்காந்திருந்தேன், ஒருவேளை கார்டு வந்துட்டா வருவியோன்னு."

மாடியிலிருந்து யாரோ என்னைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அசையவே இல்லை.

அதே நாள், சாயங்காலம்

கோபம் கோபமாய் வருது. யார் மேலன்னு தெரியல. ஏன்டா, வாய் இல்லையா உனக்கு? ஸ்பீக்கர்ல கேட்டாங்களே, வேணாம்னு ஒரு வார்த்த – நான் கேட்டதுக்குக் கட்டை விரலு. கட்டை விரலை வெச்சு என்னத்த புரிஞ்சுக்கறது?

முப்பத்து மூணு வயசு ஆம்பளைக்கு அம்மாகிட்டப் பேசத் தங்கச்சி வேணும். தங்கச்சிக்குப் பேசக் கிராபிக்ஸ் கார்டு வேணும். நல்ல குடும்பம்.

கூப்பிடவான்னு கேட்டானே. தனியாத்தான இருந்தேன். எனக்குப் பட்டன் தெரியணும், புல்லு தெரியணும். அவன் பழைய கேமையே ஆடலாம்னான். அவனுக்குப் படமே வேணாம்டி, காதுதான் வேணும். அது உனக்கு இப்பத்தான் தெரியுதா?

14 ஜூலை, திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் வேண்டாம் என்றான், ஆனாலும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை.

"ஒரு வாரம் முன்ன சொல்லியிருந்தா வேற பேச்சு. இப்ப அந்தப் பொண்ணு தலையில பூ இருக்குது. நீ வெச்சது. போயி எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

18 ஜூலை, வெள்ளி

வந்தான். ஆடினோம். நாளைக்கு அந்தக் கொல்லத்துப் பெண்ணிடம் சொல்லப் போகிறானாம். என்ன சொல்வதென்று என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்.

25 ஜூலை, வெள்ளி

வரவில்லை.

4 செப்டம்பர், வியாழன்

கல்யாணம் முடிந்தது. முதல் முடிச்சு அவன் போட்டான், மற்ற ரெண்டும் நாத்தனார் பாக்கியம். அவன் முகத்துக்கு அருகே என் முகம். பாப்பா, இறுக்கிப் போடாத என்று மெதுவாகச் சொன்னான். பானுமதிக்குக் கழுத்து வலிக்குமே என்று சொன்னானா, வேறு எதற்காவதா, தெரியவில்லை. கெட்டிமேளத்தில் நான் பதில் சொன்னாலும் கேட்டிருக்காது.

29 செப்டம்பர், திங்கள்

அண்ணன் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். இருந்த நாளெல்லாம் என்னோடு தனியாக ஒரு பேச்சு இல்லை. கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. பானுமதி அண்ணி இனி எங்களோடுதான். நல்லவள். நல்லவளாக இல்லாமல் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

10 அக்டோபர், வெள்ளி

இன்றைக்குப் பத்து மணிக்கு அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. ஜூலைக்குப் பிறகு இப்போதுதான். ஹெட்செட்டை மாட்டினேன். ஒன்றேகால் மணி நேரம் ஆடினோம். படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மூன்று ஆட்டம், மூன்றிலும் ஜெயித்தோம். அவன் மைக்கை ஆன் செய்யவே இல்லை. நான் ரெண்டு முறை அண்ணா என்று கூப்பிட்டேன். பிறகு நானும் மைக்கை அணைத்துவிட்டேன்.

அண்ணி கதவருகே வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஹெட்செட்டைக் கழற்றும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்தாள்.

"அவரு எங்கிட்ட சாப்ட்டேன், நல்லா இருக்கேன்னு மட்டுந்தான் சொல்றாரு துர்கா. உங்கிட்டதான் மனசுவிட்டுப் பேசுவாருன்னு அத்தை சொன்னாங்க. என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

சொன்னான் என்றேன். நிறைய சொன்னான் என்றேன்.

என்ன சொன்னார் என்று கேட்டபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.