கல்யாண விளம்பரத்தில் மாமா போட்ட வேலை

கூடுவாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. திருப்போரூர் முருகன் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பது அந்த ஊரில் இருக்கும் நம் தூதரகத்து ஜாய்ஸ் மேடம் உன்னைச் சிறையில் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னால்தான் தெரியும். இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டுவருகிறார். அங்கே உள்ளவர்கள் படித்த பிறகே உன்னிடம் தருவார்களாம், குடும்ப விஷயம் மட்டும் எழுதுங்கள் என்றார். சரி, குடும்ப விஷயமே எழுதுகிறேன்.

உன் ராஜாராம் மாமா செய்த காரியத்தைக் கேள். பத்திரிகைக்காரியை எவன் கட்டுவான் என்று, கல்யாண வெப்சைட்டில் உனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்று போட்டிருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அங்கே உன்னைப் பிடித்து வைத்திருப்பவர்கள் தோண்டி எடுத்து, வீட்டாரே இவளை நிருபர் என்று சொல்லவில்லையே, அப்படியானால் துறைமுகத்தைப் படம் எடுத்தது உளவு பார்க்கத்தானே என்று நம் தூதரகத்தைக் கேட்கிறார்களாம். உன் பத்திரிகை கொடுத்த கடிதம் போதாதாம், நீ நிருபர்தான் என்று பெற்றவர்களும் உறுதிமொழி எழுதித் தரவேண்டுமாம். விளம்பரத்தை எடுத்துவிடு அண்ணா என்றால், கேளம்பாக்கத்து மாப்பிள்ளை வூட்ல சரின்னு சொல்ற நேரத்துல நீ வேற பேஜாரு பண்ணிகினு, பொண்ணு கம்பெனி வேலையா வெளிநாடு போய்கீதுன்னு சொல்லி வச்சிகீறேன் என்கிறார். நீ கம்பிக்குள் இருக்கிறாய், இவருக்கு மண்டபம் பிடிக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். இன்னாம்மா, ஜெயில்ல கீற பொண்ணையா எங்க தலையில கட்டப் பார்த்தீங்க என்று போனை வைத்துவிட்டார். அதன் பிறகுதான் மாமா விளம்பரத்தை எடுத்தார். இப்போது என்னோடு பேசுவதில்லை, அந்த மட்டும் வீடு நிம்மதியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் செங்கல்பட்டில் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம். பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுத்திருங்கள் என்கிறார் ஜாய்ஸ் மேடம். எத்தனை முறைதான் அதையே கேட்பது.

நீயும் கொஞ்சம் அடங்கி இரு. விசாரிக்க வருகிறவர்களை நீ திருப்பி விசாரிக்கிறாயாம், மேடமே சொல்லிச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பில்லை காரமில்லை என்று சாப்பாட்டை ஒதுக்காதே. படுக்கும்போது கந்த சஷ்டி கவசம் சொல், மறந்த இடத்தில் முருகா என்று சொன்னால் போதும்.

இதை முதலில் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். என் மகள் செய்தி எழுதுகிறவள். வேறு எந்த வேலையும் அவளுக்குத் தெரியாது, ஒரு ரசம்கூட வைக்கத் தெரியாது. நம்பாவிட்டால் என்னை வந்து கேளுங்கள்.

உனக்கு முருகன் துணை இருக்கட்டும். மேடம் வந்தால் உன் மூட்டு வலிக்கு மாத்திரை கேட்க மறக்காதே.

இப்படிக்கு,
நிருபர் ஜெயப்பிரியாவின் அம்மா,
சியாமளா