நான்கு ராத்தல் குறைவு

புதுக்கோட்டை
12-6-1944

அன்புள்ள முத்துமாரிக்கு,

நீ கோபித்துக்கொண்டு திருக்கோகர்ணத்துக்குத் தாய்வீடு போய் மூன்று வாரமாகிறது. நான் சௌக்கியம். என் சமையல் பிரமாதம்.

நேற்று, யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ரத்தம் கொடுக்க முகாமுக்குப் போனேன். வயது சரி, காய்ச்சல் இல்லை என்றார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தராசில் ஏறினேன். நூறு ராத்தலாவது இருக்க வேண்டுமாம். நான் தொண்ணூற்றாறுதான்.

"என்னங்க சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நானே சமைச்சுக்கிறேங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மாசம் வேற யாராச்சும் சமைக்கட்டும். அப்புறம் வாங்க."

வெள்ளிக்கிழமை ஜட்கா வண்டியோடு வருகிறேன். சிப்பாய்களை நினைத்தாவது புறப்பட்டு வா.

அன்றைக்கு உன் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. இதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்